அரை அடி பின்னால்

வில்லை நரம்பில் வைப்பதற்கு முன் அவர் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். அவருடைய முகம் தெரிவதற்கு முன்னரே அந்த மூச்சு எனக்குத் தெரிந்திருந்தது.

ஸ்காபரோவில் அந்த வீட்டின் பேஸ்மென்ற்றில் நான் வாடகைக்கு இருந்தேன். பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் உடம்பெல்லாம் மாவும் ஈஸ்ற்றும் மணக்க வந்து கட்டிலில் விழுவேன். தலைமாட்டுக்கு மேலே, கூரையில், வெப்பக் காற்று வரும் குழாயின் வாய். அதன் தகட்டு இடுக்குகளுக்குள்ளால் மேல் வீட்டின் சத்தங்கள் ஒவ்வொன்றாய் வடிந்து இறங்கும். கேத்தில் கொதிக்கும். வீட்டுக்கார அங்கிள் தொண்டையைச் செருமுவார். யாரோ சப்பாத்தை உதறிப் போடுவார்கள். பிறகு எல்லாம் அடங்கும். கதிரை ஒன்று இழுபடும். ஒரு மூச்சு. அதன் பின்னால், நனைந்த மரத்தை யாரோ உள்ளங்கையால் தடவிக் கொடுப்பதைப் போல ஓர் ஒலி, படிப்படியாகக் கீழே இறங்கி என் நெஞ்சுக்கூட்டின் மேல் வந்து குந்தும்.

வீட்டைக் காட்டித் திறப்புத் தந்த அங்கிளிடம் அது என்ன என்று கேட்டேன்.

"உது செலோ, தம்பி. பெரிய வயலின். மனிசி வாசிக்கிறா. நித்திரை குழம்புதெண்டால் எனக்குச் சொல்லும். நான் ஒண்டும் செய்யேலாது, ஆனால் நீர் சொல்லலாம்."

நித்திரை குழம்பவில்லை. அந்த ஒலி இல்லாத காலைகளில்தான் புரண்டு புரண்டு படுத்தேன். அவர் வாசித்ததில் பாட்டென்று ஒன்று இருக்கவில்லை. நான்கு சுரம் இறங்கும், நிற்கும், இரண்டு சுரம் ஏறும், மறுபடி நிற்கும். யாரோ ஒருவர் இன்னொருவரை வாசலில் பார்த்துக்கொண்டு நின்று, அவர் வந்ததும் சேர்ந்து நடந்து, அவர் நின்றதும் தானும் நிற்பதைப் போல. அந்த இன்னொருவர் யாரென்று எனக்குத் தெரியாது. அங்கே இன்னொருவர் இருக்கிறார் என்பதே தெரியாது. முழுச் சங்கீதமும் இவ்வளவுதான் போலும், வெள்ளைக்காரர் இப்படி நடந்து நடந்துதான் கவலைப்படுவார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டு நித்திரையாகிவிடுவேன்.

முகத்தை நான் கண்டது குளிரால். அந்த வீட்டில் குளிரும். சூட்டைக் கூட்டும் பொத்தான் மேலே இருந்தது. ரொறன்ரோவில் பேஸ்மென்ற்றில் இருந்த எவரைக் கேட்டாலும் அந்தப் பொத்தானைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவார்கள். ஒருநாள் மேல் கதவைத் தட்டினேன். திறந்தவர் சின்ன உருவம். நரைத்த பின்னல், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, காலில் தடித்த ஆண்பிள்ளைக் காலுறை. நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். கேட்டார் என்றால், என் வாய் திறப்பதற்கு முன்பே அவர் தலை சற்றுச் சாய்ந்துவிட்டது. பிறகு உள்ளே கூட்டிப்போய் செலோவைக் காட்டினார். கீழே ஊன்றுகிற கம்பி இல்லாத பழைய மாதிரிச் செலோ. இரண்டு கெண்டைக்கால்களுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். அதைச் சுற்றி ஒவ்வொரு வெப்ப வாயிலுக்குப் பக்கத்திலும் தண்ணீர் வைத்த தட்டங்கள்.

"உது ஆட்டுக் குடல் நரம்பு, தம்பி. வீடு சூடானால் இறங்கிப் போடும், காய்ஞ்சால் அறுந்து போடும். நீர் குளிருதெண்டால் போர்த்துக்கொள்ளலாம். உதுக்குப் போர்த்தேலாது."

"அப்ப ஸ்ரீல் கம்பி போடலாம்தானே அன்ரி?"

"போடலாம். அது தன்ரபாட்டில நிக்கும்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "தன்ரபாட்டில நிக்கிற சாமானோட எனக்கு ஒத்து வராது."

அன்று பின்னேரம் என் கதவடியில் தடித்த போர்வை ஒன்றும் சுடுதண்ணீர்ப் பையும் இருந்தன. சூடு கூடவில்லை.

தன்பாட்டில் நிற்பது அவருக்கு உண்மையாகவே ஒத்து வராது. அன்ரியைப் பற்றி அந்தச் சுற்றாடலில் எல்லோரும் சொன்ன ஒரே வசனம், அவவைக் கூட்டிக்கொண்டு போ என்பதுதான். வைத்தியரிடம் முடிவு கேட்கப் போகிறவர்கள், வாகனம் ஓட்டும் பரீட்சைக்கு மூன்றாம் முறை போகிறவர்கள், மகனின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வரச் சொல்லிவிட்டாள் என்று பயந்துபோனவர்கள், எல்லோருக்கும் அவர் துணை போனார். மொழிபெயர்க்கப் போகிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். அன்ரி போய்ப் பக்கத்துக் கதிரையில் இருப்பார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. கூட வந்தவர் பேச முடியாமல் நிற்கும் இடத்தில் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் பேசத் தொடங்கினால் இவர் மெல்ல மூச்சு விடுவார். ரூஜ் பக்கமிருந்து வந்த ஒரு பெண் எனக்குச் சொன்னது: "உவ ஒண்டும் கதைக்கேல்லை தம்பி. ஆனால் நான் அண்டைக்குக் கதைச்ச மாதிரி என்ர வாழ்நாளில கதைக்கேல்லை."

அங்கிளுக்கு இதில் ஒரு நிரந்தரக் குறை இருந்தது. தனக்கு மட்டும் துணை வருவதில்லையாம். அவர் கார் ஓட்டும்போது அன்ரி பக்கத்தில் இருந்தால், பச்சை விளக்கு விழுமுன் அன்ரி மூச்சிழுப்பாராம், அதைக் கேட்டு இவர் காரை எடுத்துவிடுவாராம். "ஒருநாளைக்கு பொலிஸ் பிடிக்கேக்க சொல்லப்போறன், மனிசிதான் ஓட்டினவ எண்டு."

என் அப்பா ஊரில் இறந்தபோது எனக்கு இங்கிருந்து போகிற நிலை இல்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். பனி கட்டியாகி, அதன்மேல் உப்புத் தூவி, நடைபாதை பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. சிறிது தூரம் போன பிறகுதான் பின்னால் இன்னொரு சோடி சப்பாத்து நறநறப்பது கேட்டது. அன்ரி. மேல் கோட்டின் பொத்தான்கூடச் சரியாகப் போடவில்லை. பக்கத்தில் வரவில்லை, அரை அடி பின்னால். நான் வேகமாக நடந்தேன், அவரும் வேகமாக. பேருந்துத் தரிப்பில் நின்றேன், நின்றார். பேருந்து வந்தது, நான் ஏறவில்லை, அது போனது. வோட்டர் குழாய் உடைந்து தெருவெல்லாம் பளிங்காய் உறைந்து கிடந்த ஒரு மூலையில் என்னால் இனி முடியாது என்று குந்திவிட்டேன். அவரும் அந்தக் குளிரில், அந்த வயதில், முழங்காலை மடித்துக் குந்தினார். அவரோடு அதன் பிறகும் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். அவர் இயல்பில் மெதுவாக நடப்பவரா, விரைவாக நடப்பவரா என்று இன்று கேட்டாலும் எனக்குத் தெரியாது. அவரோடு நடந்த எவருக்கும் தெரியாது.

செலோ அவருக்கு யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்தில் வந்தது. கோயிலின் ஓகன் வாத்தியம் பழுதாகிப்போன ஒரு வருடம், பாடற்குழுவுக்குக் கீழ்ச்சுரத்தில் யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வெளிநாட்டுச் சிஸ்டர், வரிசையில் கடைசியில் நின்ற பெட்டையைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியைக் கால்களுக்கிடையில் வைத்துவிட்டாராம். மெட்டு வாசிக்க ஆசையாய் இருக்கவில்லையா என்று கேட்டேன். மெட்டை எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

ரொறன்ரோவில் அவர் வாசித்த குழு சின்னது. பாதிப் பேர் சம்பளத்துக்கு, பாதிப் பேர் ஆசைக்கு. முந்நூறு, இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய இசையை அந்தக் காலத்து மாதிரி வாத்தியங்களில், அந்தக் காலத்துச் சுருதியில், இன்றையதை விட அரைச் சுரம் இறக்கி வாசிப்பார்கள். முன்னால் நின்று கோலை வீசி வழிநடத்த ஒருவரும் கிடையாது. ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டுத் தொடங்க வேண்டும். ஹாப்சிகோட் வாசித்த உயரமான கிழவர்தான் பொறுப்பாளர். அங்கிள் அவருக்கு நெட்டையர் என்று பெயர் வைத்திருந்தார். ஹாப்சிகோட் என்பது பியானோவுக்கு மூத்தது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு அலகு நரம்பைக் கொத்தி எழுப்பும். அந்தக் குழுவின் ஹாப்சிகோட் எங்கள் வீட்டுக் கராஜில் கிடந்தது, ஏனென்றால் வான் வைத்திருந்தது அங்கிள் மட்டும். நீளமான, ஒரு பக்கம் ஒடுங்கிய அந்தப் பெட்டியைக் கம்பளியால் சுற்றி அங்கிளும் நானும் முதல் தடவை வெளியே தூக்கி வந்தபோது, எதிர்வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். அங்கிள் சோகமாகத் தலையாட்டிவிட்டு வானை எடுத்தார்.

அப்படிப் பெட்டி தூக்கப் போய்த்தான் நகரத்தின் நடுவில் ஒரு கிறிஸ்தவக் கல் கோயிலில் அவர்களுடைய கச்சேரியை முதலில் கேட்டேன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன். கீழே கிடந்து பழகிய என் சுரங்கள் நடந்து வந்தன, அவற்றின் தலைக்கு மேலே ஒரு வயலின் ஏறி நின்று பூவும் பிஞ்சுமாய்ச் சொரிந்துகொண்டிருந்தது. என் வீட்டின் மேல் யாரோ கேட்காமல் மாடி கட்டிவிட்டது போல ஒரு எரிச்சல். பிறகு ஒரு இடத்தில் வயலின் நின்றது. அன்ரி நின்றார். வயலின் மூச்சிழுத்துத் தொடங்கியது, அன்ரி நடந்தார். வாசலில் காத்திருந்தது யாருக்காக என்று அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு காலமும் நான் பாதிக் கதையைக் கேட்டு முழுதாய் அழுதிருக்கிறேன்.

முன்வரிசையில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். அன்ரி எப்போதாவது துணை போன பெண்கள், சீலைக்கு மேல் குளிர்க்கோட்டுடன். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் கைதட்டினார்கள். நடுவில் தட்டக்கூடாது என்பது அங்கே வழக்கம். பின்வரிசைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அன்ரி ஒவ்வொரு கைதட்டலுக்கும் தலையைக் குனிந்து சிரித்தார்.

அந்த வயலின்காரியை எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரி, அன்ரியை விட மூத்தவர், நீண்ட பற்களும் பெரிய சிரிப்பும். அவரும் அன்ரியும்தான் நெட்டையரோடு சேர்ந்து குழுவைத் தொடங்கியவர்கள். அன்ரி முதல் நாளிலேயே அவரை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார். அதுவே பெயராகிக் குழு முழுக்கப் பரவி, எழுபதைத் தாண்டிய நெட்டையரும் நாக்கைச் சுழற்றி அக்கா, அக்கா என்பார்.

அக்காவுக்கு மறதி வரத் தொடங்கியது. முதலில் திறப்பு, பிறகு கையுறை, பிறகு எங்கள் வீட்டுக்கு வரும் பாதை. ஒரு மார்கழிக் கச்சேரியில், இரண்டு பக்கம் தாண்டிப் போய் வாசித்து, எல்லோரையும் நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியதாகிவிட்டது. அக்கா அதைச் சிரித்துச் சமாளித்தார். வானில் திரும்பி வரும்போது சிரிக்கவில்லை. நெட்டையர் இளம் வயலின்காரர் ஒருவரைப் பார்த்து வைத்துவிட்டார் என்று அங்கிள் எனக்குச் சொன்னார். நெட்டையர் கெட்டவரில்லை, குழு நிலைக்க வேண்டுமே என்றுதான். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. வசந்தகாலக் கச்சேரியில் ஒரே ஒரு உருப்படி, மூன்று பேர் மட்டும் வாசிக்கிற ஒன்று. அதை முடித்துவிட்டு மேடையிலிருந்து தன் காலால் இறங்க வேண்டும். யாரும் கையைப் பிடித்து இறக்கக் கூடாது. அன்ரி போய் நெட்டையரோடு நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று தெரியாது. அன்ரி பேசினார் என்பதே எங்களுக்குச் செய்தி.

அதன் பிறகு பின்னேரங்களில் அக்கா அங்கிளின் வானில் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். நான் அந்த நேரம் விழித்திருப்பேன். இப்போது குழாய் வழியாக இரண்டு மூச்சு வந்தது. அந்த உருப்படியின் முதல் துண்டு, இரண்டு பாதியாக அமைந்த மெதுவான ஒரு நடன இசை. ஒவ்வொரு பாதியையும் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். முதல் தரம் வெறுமையாக, எழுதியபடி. இரண்டாம் தரம், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி, சுரத்துக்குச் சுரம் நகை போட்டு வாசிப்பது அவர்கள் வழக்கம். அக்கா நடுவில் வழி தவறுவார். வயலின் ஒரு தெருமுனையில் நின்று இடமும் வலமும் பார்க்கும். அன்ரி பிழை என்று ஒருநாளும் சொல்லிக் கேட்கவில்லை. வயலின் எங்கே போகிறதோ அங்கே செலோவும் போகும். திரும்பினால் திரும்பும். ஒருநாள் இருவருமாகச் சேர்ந்து எழுதாத எங்கோ ஒரு ஒழுங்கைக்குள் போய், அங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கச்சேரிக்கு முந்திய வாரம் வாடகை கொடுக்க மேலே போனேன். அன்ரி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அங்கிள் நாற்காலியில் தொப்பென்று இருந்தார்.

"இஞ்சரப்பா, மேடையில அவ தடக்குப்பட்டால் என்ன செய்யப் போறீர்?"

"அவ தடக்குப்பட்டால் நானும் தடக்குப்படுறன்."

"ரெண்டு பேரும் விழுந்தால்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தால் அதுவும் ஆட்டமெண்டு நினைப்பினம்." வெங்காயக் கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, அக்கா என்ன செய்யப் போறா எண்டு அவவின்ர மூச்சு முதலே சொல்லிப்போடும். முதல் பாதிக்கு நீளமா இழுப்பா. ரெண்டாம் பாதிக்கு, தண்ணிக்க கால் வைக்கிற பிள்ளை மாதிரி, சின்னதா ஒண்டு. விரல் மறந்தாலும் மூச்சு மறக்கேல்லை. எனக்கு அது காணும்."

"அதுவும் மறந்தால்?" என்றார் அங்கிள், விளையாட்டாக இல்லாமல்.

அன்ரி உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தார்.

கச்சேரி நாளன்று மழை. கோயிலுக்குள் நனைந்த கோட்டுகளின் மணம், மரத்துக்கும் மெழுகுதிரிக்கும் நடுவில். ஈரத்தில் நரம்புகள் இளகிக்கொண்டே இருந்தன. அன்ரி காதை மரத்தோடு வைத்து முறுக்கியபடியே இருந்தார். முன்வரிசையில் எங்கள் பெண்கள், இப்போது பழகிவிட்டவர்கள், கைகளை மடியில் பூட்டிக்கொண்டு. இளம் வயலின்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார், வயலின் பெட்டியோடு. அவரை நெட்டையர்தான் வரச் சொல்லியிருக்க வேண்டும். அக்கா பச்சை உடையில் வந்து நின்றார். வழுக்குமென்று பயந்தவரைப் போல ஒருமுறை கால்களைப் பார்த்துக்கொண்டார்.

நீண்ட மூச்சு. முதற்பாதி, வெறுமையாக. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணை மூடினால் என் கட்டில். நீண்ட மூச்சு. முதற்பாதி, இரண்டாம் தரம், நகைகளோடு. அக்காவின் விரல்கள் ஒன்றையும் மறக்கவில்லை. அங்கிள் என் தொடையில் தட்டினார், பார்த்தாயா என்பதுபோல. இனி இரண்டாம் பாதி. அன்ரியின் இடது கை கழுத்துப் பலகையில் கீழே இறங்கி, அதன் முதற்சுரத்தில் விரலை வைத்துக் காத்திருந்தது.

நீண்ட மூச்சு.

அந்தக் கோயிலில் அந்த மூச்சின் பொருள் தெரிந்தவர்கள் வேறு எத்தனை பேர்? வயலின் ஒலிப்பதற்கும் மூச்சுக்கும் இடையில் இருந்தது ஒரு இமைப்பொழுது. அதற்குள் அன்ரியின் கை மேலே போய்விட்டது. முதற்பாதி, மூன்றாம் தரம். அக்கா அதை வெறுமையாக வாசித்தார், நகையெல்லாம் கழற்றி, இப்போதுதான் முதன்முதலாக வாசிப்பதைப் போல. வாசித்தது அவருக்கு நினைவில்லை. நெட்டையரின் தலை நிமிர்ந்தது. ஒரு சுரம் ஹாப்சிகோட் ஊமையாய் இருந்தது. அவர் அன்ரியைப் பார்த்தார். அன்ரி அவரைப் பார்க்கவில்லை, ஆனால் எப்போதும் இப்படித்தான் என்பதைப் போல நடந்துகொண்டிருந்தார். நெட்டையர் அந்த நடையில் வந்து சேர்ந்துகொண்டார்.

கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பாதியின் முடிவு கிட்டக் கிட்ட வர நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். முடிவில் ஒரு சின்ன இடைவெளி வரும். அங்கே அக்கா மறுபடி நீளமாக இழுத்தால்? அதற்கடுத்த முறையும்? துணை போகிறவர் எவ்வளவு தூரம் போவது? நெட்டையர் எந்த இடத்தில் கையை எடுப்பார், தூணுக்குப் பின்னால் இருப்பவர் எப்போது வெளியே வருவார், அக்காவை யார் கையைப் பிடித்து இறக்குவார்கள்?

கடைசிச் சுரம் தேய்ந்தது. அக்காவின் முகம் வெறுமையாய் இருந்தது. வில் காற்றில் நின்றது. மூச்சே வரவில்லை, நீளமாகவும் இல்லை, சின்னதாகவும் இல்லை.

அப்போது அன்ரி மூச்சிழுத்தார். அவருடைய மூச்சு எனக்குத் தெரியும்; அது அவருடையது அல்ல. அக்காவுடையது. தண்ணீருக்குள் கால் வைக்கிற பிள்ளையின் மூச்சு, சின்னதாக, கடைசி வரிசைக்கே கேட்கும்படி. அத்தனை வருடத்தில் அவர் யாருக்கும் முன்னால் போய் நான் கண்டதில்லை. அன்றைக்குப் போனார், ஒரு மூச்சின் தூரம். அக்காவின் வில் இறங்கியது. இரண்டாம் பாதி.

அது இரண்டு தரமும் ஒழுங்காக வந்து முடிந்தது. முடிந்ததும், அந்த உருப்படியில் இன்னும் துண்டுகள் மீதி இருந்தும், முன்வரிசையில் ஒருவர் பூட்டிய கையைத் திறந்து தட்டினார். பிறகு பக்கத்திலிருந்தவர். பிறகு, இந்தமுறை, பின்வரிசைகளும்.

எல்லாம் முடிந்தபின் அக்கா மேடையின் கல் படிகளில் இறங்கினார். வயலினை ஒரு கையிலும் பச்சை உடையின் நுனியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, தன் காலால். அன்ரி செலோவைத் தூக்கிக்கொண்டு அரை அடி பின்னால் வந்தார்.

பின்னறையில் நெட்டையர் யார் திரும்பிப் போனது என்று கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொண்டே கேட்டார். அன்ரி, தான்தான், திரும்ப வாசிக்கும் குறியைக் கவனிக்கவில்லை என்றார். நெட்டையர், மூன்றாம் தரம் மோசமில்லை என்று மட்டும் சொன்னார். அக்கா பெரிதாகச் சிரித்தார். உனக்கு வயது போய்விட்டது, நான் உன்னை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தேன் என்று அன்ரியின் தோளில் தட்டினார்.

"ஓம் அக்கா," என்றார் அன்ரி.

ஆமென்கிற அந்த ஓம் அக்காவுக்கு விளங்கும். தட்டிய கை தோளிலேயே நின்றது. வான் வரைக்கும் அது அங்கிருந்து எடுபடவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா? நான் ஹாப்சிகோட்டின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் பின்னால் நடந்தேன், முகம் தெரியவில்லை.

அக்காவை அவர் வீட்டில் இறக்கிவிட்டு வரும்போது அங்கிளால் பொறுக்க முடியவில்லை. "உண்மையைச் சொல்லும். ஆர் பிழை விட்டது?"

"பிழை எங்கயப்பா? அந்தத் துண்டு வடிவாயிருந்தது. இன்னொருக்கா வாசிச்சனாங்கள்."

அக்கா அதன் பிறகு மேடை ஏறவில்லை. கோடையில் மகள் வந்து மேற்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னேரங்களில் குழாய் அமைதியாயிற்று. நான் இப்போது விட்பியில், சொந்த வீட்டில் இருக்கிறேன். சூட்டுப் பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே ஒருவரும் இல்லை.

ஆனால் அந்த பேஸ்மென்ற்றை விட்டுக் கிளம்பும்வரை காலைகள் எனக்கு இருந்தன. கேத்தில் கொதித்து அடங்கும். கதிரை இழுபடும். அந்த நடனத்தின் கீழ்வரி மட்டும், மேலே ஒன்றும் இல்லாமல். முதற்பாதி, ஒரு தரம். முதற்பாதி, இரண்டாம் தரம். பிறகு, எழுதியதில் இல்லாத மூன்றாம் தரம், ஒருநாளும் தவறாமல். அது முடிந்ததும் செலோ நிற்கும். மேலே யாருடைய மூச்சுக்கோ காத்திருக்கும். நான் போர்வைக்குள் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன்.

சிறிது நேரத்தில் அது வரும், குழாயின் தகட்டு இடுக்குகளுக்குள்ளால், தண்ணீருக்குள் கால் வைக்கிற பிள்ளையைப் போல, சின்னதாக ஒன்று.